நான்காம் கட்டம்

விலாவில் குத்தியது. மேட்டுப் பாதையில் ஓடி வந்த வீரம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரசாங்க வேனை மறித்து நின்றாள்.

"போவாத தம்பி. இன்னும் பத்து நிமிசம் நில்லு."

சாவியைத் திருப்பப் போன அதிகாரி அர்ச்சுனன் கையை எடுத்தான். கீழே குனோங் ராபாட் சுண்ணாம்புச் சூளை. அதன் புகையைக் கால் மைல் தள்ளி, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, ஓர் அட்டையோடு ஒப்பிட்டு அளப்பது அவன் வேலை. அட்டையில் நான்கு கட்டங்கள். முதலாவது வெளிறல், நான்காவது ஏறக்குறையக் கறுப்பு. 1982இல் அவன் ஆபீசில் இருந்த ஒரே கருவி அதுதான்.

"வெள்ளப் பொகதான்கா. எழுதிட்டேன்."

"போன வாட்டியும் அதான் எழுதுன. வர்ற தேதிய முன்னாடியே கடுதாசியில சொல்லிடுறீங்க. அன்னைக்கு மட்டும் எங்க மொதலாளி தவுக்கே ரப்பர் மர வெறகு எரிக்கச் சொல்லுவான். மத்த நாளெல்லாம் லாரி டயரு. எம்மவ பாப்பாவுக்கு ஏழு வயசு. படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்துகிட்டே தூங்குறா. ஆகாசத்துக்கு மார்க்கு போடவா ஒனக்குச் சம்பளம்?"

"கிட்டப் போனா அளவு சரியா வராதுக்கா. கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும்லா."

"அப்ப நின்னு பாரு."

பொசுங்கிய புருவங்களுக்குக் கீழே அவள் கண்கள் சிவந்திருந்தன. வேனைக் கிளப்பினாலும் நகரமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தான்.

ஒன்பதாவது நிமிடம் புகைபோக்கியின் வாயில் கறுப்பாக ஒரு கோடு கிளம்பியது. அடுத்த நிமிடம் அது தடித்துப் புரண்டு, பின்னாலிருந்த சுண்ணாம்புக் குன்றையே மறைத்தது.

அர்ச்சுனன் இறங்கினான். அட்டையைக் கை நீட்டிப் பிடித்தான்.

"நாலு," என்றான். நேரம் போட்டு எழுதினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"சூளைய மூடிருவாங்கக்கா. நீங்கதான் என்னை நிறுத்துனீங்கன்னு தெரிஞ்சா, வேல போன ஆத்திரத்துல அங்க நெருப்புப் போடுற ஆளு ஒங்க வீட்டுக்கே வந்து நிப்பான். பாத்து இருங்க."

"வரமாட்டான்."

"எப்படிச் சொல்றீங்க?"

வீரம்மா கரி படிந்த கைகளைக் கைலியில் துடைத்தாள்.

"அந்த ஆளு நாந்தான். இன்னைக்கு வெறகுக்கு அடியில டயர வெச்சதும் நாந்தான், மூணு வருசமா தெனம் தள்ளுனதும் நாந்தான். எம்புள்ளைக்கு நான் மூணு வருச மூச்சு பாக்கி தம்பி."