தப்பு என்னுடையது

காணாமல்போன சங்கிலியைப் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்று கணவன் சந்தேகப்பட்டதும், சசிகலா வாதாடாமல் ஜவ்வாது மலையிலிருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சில நாள் கழித்து, லேப்டாப்பில் வந்ததை அலுப்போடு வாய்விட்டுப் படித்தாள்.

“நீ பேசாமல் இருந்ததாலேயே உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையது. இனிமேல் முதலில் உன்னிடம் கேட்பேன்.”

அம்மா குப்பம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “இன்னாடி, மாப்ள எறங்கி வந்துட்டாரா? வூட்டுக்குக் கெளம்பு!”

“அவர் இல்லம்மா. திருடன் யாருன்னு கண்டுபிடிக்கிற ஆட்டம் ஆடுற ஏஐ. தோத்துட்டா, முடிஞ்ச ஆட்டத்தை யோசிச்சுப் பாத்து, வீணா சந்தேகப்பட்ட ஆட்டக்காரர்கிட்ட தன் தப்பைத் தானே ஒத்துக்கும். அதைச் சரிபாக்கறதுதான் என் வேலை.”

குப்பம்மாள் திரையைச் சுட்டிக்காட்டினாள்.

“அதை மாப்ளகிட்ட ஒருவாட்டி பேசச் சொல்லேன்டி.”

“யார் பண்ணாலும் அவர் போனை எடுக்கறதில்லம்மா” என்றபடி சசிகலா அடுத்த ஆட்டத்தைத் திறந்தாள்.