இன்னும் பெரிசாப் போடு

"படத்தை இன்னும் பெரிசாப் போட்டிருக்கலாம்லா! மூஞ்சி நல்லாத் தெரிய வேணாமா?"

செர்டாங் மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே யோகேஸ்வரி அம்மாள் ஆரம்பித்துவிட்டார். எழுபத்து மூன்று வயதில் இப்படியொரு படப் பைத்தியத்தை அந்த மண்டபம் கண்டதில்லை.

சுவரில் மூன்று படங்கள். சரியாக ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாத இதழில் வந்தவை. ஒன்றில் ஓர் இளம்பெண் ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டுகிறாள். அடுத்ததில், பாலின் எடையைக் குறைத்துப் போட்ட கணக்குக் கிராணியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டுகிறாள். மூன்றாவதில் தோட்டத் துரையின் காரை மறித்து நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மாடி, என்ன நெஞ்சழுத்தம்! மூன்று படத்துக்கும் கீழே 'தோட்டத் தொழிலாளி யோகேஸ்வரி' என்று அச்சாகியிருந்தது.

பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து இந்த விழாவை நடத்துகிற சத்தியசீலன் பவ்யமாக நின்றான். "உங்களுக்குத்தாம்மா இன்னிக்குப் பொன்னாடை."

"பொன்னாடை கெடக்கட்டும் தம்பி. அசல் புத்தகம் எனக்கு வேணும். வருஷம் போட்டிருக்கா? நகல் எடுத்து, சத்தியப் பிரமாணம் வாங்குற கமிஷனர்கிட்ட சாப்பு குத்தி வாங்கித் தரணும்."

"முத்திரையா? எதுக்கும்மா?"

"தருவியா, மாட்டியா?"

பாக்கார் ஆராங்கிலிருந்து காரில் கூட்டிவந்த மகன் சிவநேசனுக்குக் காது சிவந்துவிட்டது. மெர்கோங்கில் பிறந்து வளர்ந்து, ஐம்பத்திரண்டு வயதில், நாலு பேர் முன்னால் அம்மாவால் இப்படி ஓர் அவமானம்.

"மா, போதும்மா. சின்னம்மா எவ்வளோ கவலையில உக்காந்திருக்காங்க. நீங்க என்னடான்னா படம் படம்னு..."

சின்னம்மா அம்மாசி கடைசி வரிசையில் இருந்தார். படத்திலிருக்கும் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பன்காரன் பிறப்பைப் பதியாமல் விட்டதால் எழுபது வயதிலும் கையில் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. குடியுரிமை கேட்டு நாலு முறை மனுப் போட்டார். நாலும் திரும்பி வந்தன. சின்ன வயதில் இங்கேதான் இருந்தார் என்பதற்கு ஒரு தாளாவது வேண்டுமாம். தாள் இல்லாதவர்களைத் தோட்டத்தில் பதிந்ததே இல்லை. பேர்ப்பட்டியலில் அம்மாசி என்று ஒரு பேரே கிடையாது. ஐந்தாவது மனுவுக்கு வரும் திங்கட்கிழமை கூப்பிட்டிருந்தார்கள்.

"செத்தாலும் இந்த ஊர்க்காரியாச் சாகணும்" என்பார் அம்மாசி.

"அக்காவுக்கு மூணு படம். தங்கச்சிக்கு ஒரு தாளு இல்ல" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். யோகேஸ்வரி அம்மாள் திரும்பி ஒரு முறை முறைத்தார். முணுமுணுப்பு அடங்கிப்போனது.

பொன்னாடை போட்டார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் யோகேஸ்வரி அம்மாள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"நம்ம தோட்டத்து ஆளுங்க எத்தனை பேரு வந்திருக்கீங்க? கையைத் தூக்குங்க!"

முப்பது கைகளாவது உயர்ந்தன.

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு கையெழுத்து. இந்தப் படத்துல இருக்கிறவளை எனக்குத் தெரியும், கூட வேலை செஞ்சேன்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். ஐசி நம்பரையும் போட்டுருங்க."

மண்டபமே சிரித்தது. சிவநேசன் தலையில் கை வைத்துக்கொண்டான். முன் வரிசையில் பழைய மண்டோர் பரஞ்சோதி மட்டும் சிரிக்கவில்லை. தினமும் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு, ஆளை எண்ணி வேலைக்கு அனுப்பியவர் அவர். தடியை ஊன்றிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"குடு தாயி, நான் மொதல்ல போடறேன். அப்பவே வாயைத் தொறந்திருக்கணும்."

"ஏன் தொறக்கலண்ணே?"

"பயம்லா. எனக்கும் வேலை போயிருமேன்னு."

"இனிமே என்னாத்துக்குப் பயம்? போடுங்க!"

பரஞ்சோதி கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் வந்து நின்றார்கள். சத்தியசீலன் அந்தத் தாளை வாங்கிப் படித்தான்.

"பேரு எழுதற எடம் காலியா இருக்கேம்மா. யோகேஸ்வரின்னு எழுதிரவா?"

யோகேஸ்வரி அம்மாள் தோளிலிருந்த பொன்னாடையை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையைப் பார்த்தபடியே மைக்கில் சொன்னார்.

"என் பேரை ஏன் எழுதற? அந்த வருஷம் நான் கைப்புள்ளையோட மெர்கோங்குல இருந்தேன். என் பேர்ல மரம் வெட்டுனதும் காரை மறிச்சதும் அம்மாசி, அவ பேரை எழுது!"