ஆறாவது செஞ்சுரி

"வீக்ஸ் தொண்ணூறுல ரன் அவுட்!"

துளசிராம் ரேடியோவிலிருந்து காதை எடுத்துத் தமிழில் சொன்னார். விளக்குத்தூண் பக்கத்தில் அவருடைய சேலைக்கடையில்தான் ரேடியோ இருந்தது. இங்கிலீஷும் அவருக்குத்தான் தெரியும். அதனால் 1949-இல் மெட்ராஸ் கிரிக்கெட் டெஸ்ட் நடந்த அந்தத் தை மாதத்தில், சேலை வாங்க வந்தவர்களைவிட ஸ்கோர் கேட்க வந்தவர்களே அதிகம்.

எல்லோரும் விருமாண்டியின் மீசையைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர் வீக்ஸ் வரிசையாக ஐந்து செஞ்சுரி அடித்துவிட்டு மெட்ராஸுக்கு வந்திருந்தார். டெஸ்டில் உலகத்தில் அதுவரை யாரும் அடிக்காதது. "ஆறாவதும் அடிப்பான். அடிக்கலேன்னா மீசையை எடுத்துர்றேன்" என்று விருமாண்டி இத்தனை பேர் முன்னால் முறுக்கிவிட்டான். கூட்டாளி சுருளி சும்மா இருந்தானா? "அடிச்சான்னா நான் எடுத்துர்றேன்டா" என்று அவனும் குதித்தான்.

இப்போது சுருளி எழுந்தான். "வா மாப்ள, மொக்கையன் சலூனுக்கு."

துளசிராம் குறுக்கே வந்தார். "விளையாட்டுக்குச் சொன்னதுதானே சுருளி? அவங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. விட்டுடுங்க."

இவர்கள் வழக்கத்தில், பெற்றவர்கள் செத்தால்தான் மீசையில் கத்தி படும். உயிரோடு கிடக்கிற தாய், மகனின் மழித்த முகத்தைப் பார்த்தால் என்ன ஆவாள்?

"நாலு பேர் முன்னால சொன்ன சொல்லுண்ணே" என்றான் சுருளி.

"எனக்கு யாரும் விட்டுத்தர வேணாம்." விருமாண்டி வாசலுக்கு நடந்தான். "ஆத்தாவுக்குக் கஞ்சி ஊத்திட்டு வாரேன்."

"போயிட்டு வா. நான் முன்னால போயி கத்தியைத் தீட்டச் சொல்றேன்."

இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று துளசிராமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விருமாண்டி கோச்சடையிலிருந்த வீட்டுக்குச் சைக்கிளை மிதித்துப் போனான். ஆனால் சுருளி கிளம்பவில்லை. ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏண்ணே, அந்த ரன் அவுட்டு... நெசமாவே அவுட்டுதானா?"

"கொஞ்சம் சந்தேகந்தான்னு பேசிக்கிறாங்க."

"கோட்டுக்கும் மட்டைக்கும் எம்புட்டு தூரம் இருந்துருக்கும்?"

"அதெல்லாம் ரேடியோவுல தெரியுமா? அம்பயர் அவுட்டுன்னு சொல்லியாச்சு. நீங்கதான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன வேணும்?"

சுருளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஜெயித்தவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி? துளசிராமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விருமாண்டி திரும்பி வந்ததும், கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு அவனோடு நடந்தார். இன்னொரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்றும் ஒரு நினைப்பு.

சலூன் வாசலில் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நாற்காலியில் சுருளி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை.

"அடப்பாவி! ஜெயிச்சது நீதானடா?" என்றான் விருமாண்டி.

"அண்ணன்கிட்டயே கேளு. அவுட்டே சந்தேகமாம். நின்னு ஆடிருந்தா செஞ்சுரிதான். அப்பத் தோத்தது நாந்தான?"

"இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். எந்திரி, நான் உக்காரணும்."

சுருளி எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு பந்தயத்துக்கு ஒரு மீசை போதும் மாப்ள. வீட்டுக்குப் போ. உனக்கு மீசை இல்லேன்னா பதறுறதுக்கு ஆத்தா இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"