கோணல் தையல்

"எங்கம்மாவை நாளையிலிருந்து நிறுத்திக்கிறோம்" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள் மகள். வாதம் என்று வந்துவிட்டால் கல்லூரியில் யாரும் அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

நூலகத்து மாடியில் தையல் வகுப்பு தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. டீச்சர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காரும்மா."

உட்காரவில்லை. அவளுக்கு நின்றால்தான் பேச்சு வரும். ஐந்து மாதமாக வாரத்தில் இரண்டு சாயங்காலம் அம்மா இங்கே வருகிறாள், வீட்டுக்குக் கொண்டுவருவதோ வெறும் கைக்குட்டை என்றாள். சாட்சிக்கு ஒன்றை மேசையில் விரித்தாள். ஓரத் தையல் பாம்பு போன தடம் மாதிரி நெளிந்திருந்தது.

இரண்டாவது சாட்சி ஒரு துணிமூட்டை. மடிப்புப் பிரிந்த அப்பாவின் பேண்ட், தோளில் கிழிந்த அண்ணனின் சட்டை, தொளதொளவென்று அவளுடைய டாப்ஸ் மூன்று. அம்மா கற்றுக்கொண்டதும் தைத்துத் தருவாள் என்று ஐந்து மாதமாகக் காத்துக் கிடப்பவை.

"சொல்லிக்குடுக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடணும் டீச்சர். ஒரு பெண்ணோட நேரம்னா அவ்வளவு இளக்காரமா?"

டீச்சர் அலமாரியைத் திறந்து நீளமான கோட் ஒன்றை எடுத்து நீட்டினார். கருநீலம். காலர், உள்துணி, இரண்டு பக்கமும் பை. ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

"கடையில வாங்கினதா?"

"உங்கம்மா தைச்சது. தனக்குன்னு."

மகள் மேசையிலிருந்த கைக்குட்டையை எடுத்து கோட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இந்தக் கைக்குட்டை?"

"அது நான் தைச்சுக் குடுத்தது. கோணலா தைக்கச் சொன்னா உங்கம்மாவுக்கு வரமாட்டேங்குது." டீச்சரின் பார்வை மூட்டைக்குப் போனது. "கத்துக்கிட்டது வீட்டுக்குத் தெரிஞ்சா இந்த ரெண்டு சாயங்காலமும் போயிடும்னாங்க. நான்தான் நம்பலை. இப்ப நம்புறேன்."

மாடிப்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் மூட்டையை அள்ளிக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கினாள்.

வீட்டில் அப்பா ஆவலாகக் கேட்டார். "என்ன, டீச்சரை ஒரு வழி பண்ணிட்டியா?"

"அவங்க பாவம்ப்பா. அம்மாவுக்குத்தான் சுட்டுப்போட்டாலும் வரலையாம். இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

பேண்ட்டையும் நூல் கோத்த ஊசியையும் அவர் மடியில் வைத்துவிட்டு, தன் டாப்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோணலா வந்தா பரவாயில்லப்பா. அம்மா கேட்டா, அவங்களுக்குப் பொறந்தவ சொல்லிக்குடுத்ததுன்னு சொல்லிக்கலாம்."