மூன்று விநாடிப் பாய்ச்சல்

இதனால் சகலமானவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1991 சித்திரை பதினெட்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு, ஆசியாக் கண்டத்திலேயே அதிவேகமான பாய்ச்சல் ரயில் பாளையம்பட்டிப் பொட்டலிலிருந்து கிளம்பவிருக்கிறது. முதல் பயணி, வீரப்பதக்கம் பெற்ற உக்கிரபாண்டி அவர்கள்!

குழாய் ஸ்பீக்கர் நாலாவது தடவையாக இதை முழங்கியபோது, உக்கிரபாண்டி நெஞ்சில் குத்தியிருந்த பதக்கத்தை நிமிர்த்திவிட்டுக்கொண்டார். எட்டு வருசத்துக்கு முன் தொண்ணூறு அடிக் கிணற்றில் இறங்கி ஒரு பிள்ளையைத் தூக்கி வந்ததற்காகக் கொடுத்தது. பஞ்சாயத்துத் தலைவர் பதவியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான். மறுபடியும் நிற்க உத்தேசம்.

ரயிலைக் கட்டியவர் மில் பிட்டர் சுவாமிதாஸ். பருத்தி ஜின்னிங் பேக்டரி கழித்துப்போட்ட ஒன்றரை டன் இரும்புச் சக்கரத்தைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆயில் என்ஜின் சுழற்றும்; அதன் காற்றே ஆளைத் தள்ளும். லீவரை இழுத்தால் பெல்ட்டு கவ்வி, உருளை கம்பிவடத்தைச் சுருட்டும். பெட்டி பாய்ந்து மேடேறித் திரும்பும்.

“எம்புட்டு வேகம்யா?”

“மூணே செகண்டுல அறுபது கிலோமீட்டர், அண்ணாச்சி. பஸ்ஸெல்லாம் பிச்ச வாங்கணும்.”

உக்கிரபாண்டி பெட்டியின் கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், சந்தனத்தைத் தண்ணீர்விட்டுக் குழைத்துச் சக்கரம், உருளை, பெல்ட்டு என்று அப்பினார்.

“பெல்ட்டுல வேணாம் அண்ணாச்சி, வழுக்கி…”

“புது வண்டிக்குப் பொட்டு வைக்காம எடுப்பாகளா? நீரு சும்மா இரும்.”

எடைக்காகப் பின்னிருக்கையில் ஓர் ஆள் வேண்டும். அவரது தோட்டத்தில் வேலை பார்க்கும் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டார். எட்டு வருசமாகவே அவன் முகத்தை அவர் நேராகப் பார்ப்பதில்லை.

“ஏறுலே. பயத்துல செத்துகித்துத் தொலைச்சிராத.”

கருத்தப்பாண்டி ஏறி உட்கார்ந்தான்.

முன்னிருக்கையில் ஏறிய உக்கிரபாண்டி மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டார். “பறக்கையிலயே பேசப்போறேன். எல்லாரும் காதக் குடுத்துக் கேட்டுக்கோங்க!”

முன்வரிசையில் ஒச்சம்மாள் கைதட்டினாள். அன்று கிணற்றில் விழுந்த பிள்ளையின் தாய். வருசா வருசம் இவர் காலில் விழுந்து எழுபவள்.

சுவாமிதாஸ் லீவரை இழுத்தார். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கிறீச்சென்று காதைக் கிழிக்கும் சத்தம், முகத்தில் அறையும் காற்று, ரப்பர் கருகும் நெடி. உக்கிரபாண்டி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“ஐயோ, நிப்பாட்டுங்கலே! கெணத்துல எறங்குனது நான் இல்ல! கருத்தப்பாண்டிதான் எறங்குனான்! நான் மேல நின்னு கயித்தக்கூடப் பிடிக்கல! தாயி ஒச்சம்மா, மன்னிச்சிரு! என்னைய உசுரோட விட்ருங்க!”

குழாய் ஸ்பீக்கர் ஒரு எழுத்து விடாமல் பொட்டலுக்கே ஒப்பித்தது.

என்ஜின் நின்றது. ஆயிரம் பேர் கூடிய இடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. போய்த் திரும்பியாயிற்றுப் போலும் என்று நினைத்தார். முகம் காந்தியது. கண்ணைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை மெல்லத் தோளைத் தொட்டது.

“கண்ணத் தொறங்க மொதலாளி. வண்டி இன்னும் கெளம்பவே இல்ல.”