இரண்டு மணிக் கட்டம்

உயிர் போன நேரம் ஒன்று இருபது என்று சொல்லிவிட்டு டாக்டர் கையைக் கழுவினார்.

அவள் எழுதிய தாளில் அப்போதே இரண்டு மணி ஆகியிருந்தது.

இரண்டு மணி. நாடி எழுபத்தெட்டு. மூச்சு பதினெட்டு.

பச்சைத் திரையை இழுத்து மூடினார்கள். உள்ளே அவளும் பலவேசமும் மட்டும்.

அரிசிக் கிட்டங்கியில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். நெஞ்சுச் சளி என்று நாலு நாளாய்க் கிடந்தார். நர்சிங் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு நோயாளியை முழுசாகப் பார்த்து எழுத வேண்டும். உடம்பு, மனசு, வீடு, சாமி. நாலும் சேர்ந்தால்தான் ஆள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

அவள் பங்குக்கு இவர்.

நாளைக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். மணிக்கொரு தரம் எழுந்துபோய் மூச்சு எண்ணிக்கொண்டிருந்தால் எப்போது எழுதுவது?

காலையில் எண்ணியபோது பதினெட்டு இருந்தது. பன்னிரண்டரைக்கே மிச்சக் கட்டங்களையும் நிரப்பிவிட்டாள். முன்னால் படித்தவர்கள் எல்லாரும் செய்ததுதான்.

பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மனசைப் பற்றி எழுதினாள். நன்றாகவே வந்தது.

நோயாளி நம்பிக்கையோடு இருக்கிறார்.

இப்போது வெந்நீரில் துணியை நனைத்து அவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அத்தனை மூட்டை தூக்கிய உடம்பு. ஒரு கையால் புரட்ட முடிந்தது.

பிடரிக்கு வந்ததும் துணி நின்றது. அங்கே தோல் செருப்பின் அடிபோலக் காய்த்துக் கறுத்திருந்தது. தொட்டால் மனுஷத் தோலாகவே இல்லை.

தோல் இயல்பு என்று எழுதியிருந்தாள்.

போர்த்திவிட்டாள்.

மேலே மின்விசிறி சுற்றியது. நெஞ்சுக்கு நேரே போர்வை எழும்பியது. தாழ்ந்தது.

அவள் பார்க்கக் கூடாதென்று நினைத்தாள்.

ஆறு. ஏழு. எட்டு.

திரைக்குள் ஒரு தலை நீண்டது. கூடப் படிக்கிற ஜெபராணி.

"ஏட்டி, இன்னும் மாத்தலையா? மேடம் இப்ப வந்திருவாங்க. செத்த ஆளுக்கு மூச்சு போட்டு வச்சிருக்கன்னு பாத்தாங்கன்னா உனக்கு வருஷம் போச்சு. கிழிச்சிரு. என்கிட்ட வேற தாள் இருக்கு."

அவள் கட்டிலின் கால்மாட்டில் கையை விட்டுத் துழாவினாள்.

தாள் அங்கே இல்லை.

உலகம்மாள் வைத்திருந்தாள். பலவேசத்தின் பெண்சாதி. எப்போது உள்ளே வந்தாள் என்றே தெரியவில்லை. ஒரு கையில் கஞ்சித் தூக்குவாளி. மறு கையில் தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவளைச் சாப்பிட அனுப்பியது இவள்தான். நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன் என்று.

தாளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் இவள்தான். இது மணி, இது நாடி, இது மூச்சு. வீட்டாருக்கு விளக்கப்பட்டது என்று எழுத வேண்டியிருந்தது. காலையில் உலகம்மாள் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

"இவரு விடுத மூச்சு மூணு வீடு தள்ளிக் கேக்கும். இத எண்ணவா காலேசு வச்சு நடத்துதான்?"

பலவேசமும் சிரித்தார். சிரிப்பு இருமலானது.

இப்போது அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. எழுத்துக் கூட்டுகிறவள்போல விரலை வைத்துப் பார்த்தாள். திரை இடுக்கு வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்று நாற்பது.

"ரெண்டு மணிக்கு மூச்சு இருக்குன்னுல்லா போட்டிருக்கு," என்றாள். "இன்னும் நேரம் கெடக்கே. ஒருக்க பாரு தாயி."

ஜெபராணியின் தலை திரைக்கு வெளியே போய்விட்டது.

அவள் ஸ்டெதஸ்கோப் குழலைக் காதில் மாட்டினாள். அதன் வட்டை அவர் நெஞ்சில் வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நின்றாள். இந்த நாலு நாளில் ஒருதரம்கூட அவ்வளவு நேரம் வைத்ததில்லை.

கேட்டது.

தடதடவென்று, நெருக்கமாக.

அது தன்னுடையது என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அந்தா," என்றாள் உலகம்மாள். "அந்தா எழும்புது."

போர்வை எழும்பியது.

அவள் நடந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.

இறக்கை மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது. போர்வை அவர்மேல் படிந்தது. மூக்குத் தெரிந்தது. விலா எலும்பு தெரிந்தது.

உலகம்மாள் தாளை நீட்டிக்கொண்டே நின்றாள்.

மணி தப்பாய் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். வேறு ஆளுடைய தாள் என்று சொல்லலாம். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். வாங்கினால் கொடுத்துவிடுவாள்.

வார்டு வாசலில் மேடத்தின் குரல் கேட்டது. அவள் தாளை வாங்கவில்லை.

"நான் பாக்காம எழுதிட்டேம்மா."

"எத? ரெண்டு மணியையா?"

"ஆமா."

உலகம்மாள் தலையாட்டினாள். புரிந்துகொண்டவள்போல இருந்தாள். தூக்குவாளியைச் சிந்தாமல் தரையில் வைத்தாள். தாளை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

விரல் ஒரு கட்டம் மேலே ஏறியது.

ஒரு மணி. மூச்சு பதினெட்டு.

"அப்ப இது, தாயி?"