சுவரில் இருக்கும் பெரியவர்

மதிய வெயில் ஜன்னலைத் தாண்டி அலுவலக மேசைமேல் விழுந்து கிடக்கிறது. ‘வயது அறுபத்தெட்டு’ என்று கீழே எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் பெரியவரின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் டிசைனர் பெண். மருந்து வாங்கும் செயலியை யாருக்காகச் செய்கிறோம் என்பது மறந்துபோகாமலிருக்க அவளே உருவாக்கிய கற்பனை மனிதர் அவர். முகம் யாருடையதோ. பழக்கமெல்லாம் அவள் அப்பாவுடையது. அது இங்கே யாருக்கும் தெரியாது. போன மாதம் அப்பா இறந்ததும் தெரியாது. சொன்னால் படத்தை எடுத்துவிடுவார்கள். காய்ச்சல் என்றுதான் விடுப்பு எடுத்தாள். “பெரியவர் இந்தப் பட்டனை எப்படி அழுத்துவார்?” என்று அவளிடம் கேட்கிறான் புரோகிராமர். “நகத்தால தட்டுவார். வேலை செய்யலன்னா இன்னும் பலமாத் தட்டுவார்.” “போன் என்ன கதவா?” என்கிறான் அவன். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவள் உதடுகளும் விரிகின்றன. ஏசிக் காற்றில் படத்தின் ஒரு மூலை மட்டும் எழுந்து எழுந்து படிகிறது. “பட்டனைப் பெருசாக்கிடலாம்,” என்கிறார் மேலாளர். “அப்புறம், அடுத்த வெர்ஷன் வர்றதுக்குள்ள வருஷம் மாறிடும். அவருக்கு ஒரு வயசு கூட்டிடும்மா.” கணினியில் பெரியவரின் விவரப் பக்கத்தைத் திறக்கிறாள். “சரி சார்” என்கிறாள். அறுபத்தெட்டை அழித்துவிட்டு, அப்பா பார்க்காத அறுபத்தொன்பதை அடிக்கிறாள்.